சேற்றைச் சுத்தம் செய்தவள்

என் மர நிரையில் ஒரு புல் தலைகாட்டினாலும் எனக்குப் பொறுக்காது. ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தில் பதினைந்து வருடம் புல் வெட்டியவள் நான். அந்தத் தலைக்கனத்தோடுதான் தொண்ணூறுகளில் கடலோரத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தேன்.

அங்கே கடல் வராமல் கரை கட்டி நட்டிருந்த, எண்ணெய் எடுக்கும் செம்பனை உப்புத்தண்ணீரில் பட்டுப்போயிருந்தது. தோட்டத்து மேலாளரான துரை கரையை ஓரிடத்தில் வெட்டிக் கடல்நீரை உள்ளே விட்டு, சேற்றில் வளரும் பாக்காவ் என்ற அலையாத்தி மரக் கன்றுகளை நடச் சொன்னார். மீனும் நண்டும் திரும்புகின்றனவா என்று பார்க்க, சிரம்பானிலிருந்து மாதம் ஒருமுறை ஒரு மிஸ் வருவார். தமிழ்ப் பெண். அவருக்குத் துணையாக என்னை அனுப்பினார்கள். மரச்சட்டத்தைச் சேற்றில் வைத்து அதற்குள் இருக்கும் நண்டு வளைகளையும் நத்தைகளையும் எண்ணுவோம். ஓடையில் வலை போட்டு மீன் குஞ்சுகளை எண்ணுவோம். பெரிய உத்தியோகம் கிடைத்த மாதிரி இருந்தது எனக்கு.

ஒரு வருடத்தில் எதுவும் வராவிட்டால் கரையை மறுபடி அடைத்து இறால் குளம் வெட்டப்போவதாகத் துரை சொல்லியிருந்தார். மாதங்கள் ஓடின. சட்டத்துக்குள் பெரும்பாலும் வெறும் சேறுதான். மிஸ்ஸின் முகம் வாடியது.

வருடம் முடிகிற சமயம், ஒரு காலையில், நாங்கள் அதுவரை சட்டம் வைக்காத கடைசிக் கன்று நிரைகளுக்குள் போனேன். கால் வைத்ததும் நண்டுகள் சிதறி ஓடின. அலை கொண்டுவந்து போட்ட இலையும் சுள்ளியும் அழுகிக் குவிந்த இடம். ஒரு நண்டு இலையை இழுத்துக்கொண்டு வளைக்குள் போனது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மிஸ் வராத நாட்களில் கன்றுகளுக்கு நடுவே கிடந்த இலையை எல்லாம் வாரிக் கொட்டியது நான்தான். தோட்டம் சுத்தமாக இருக்க வேண்டாமா?

சொன்னால் என் வேலை போகலாம். சொல்லாவிட்டால் கரை அடைபடும். மிஸ் வந்ததும் சொல்லிவிட்டேன்.

"திட்டுங்க மிஸ். நண்டு சோத்த எல்லாம் நான்தான் வாரிக் கொட்டிட்டேன்."

"எல்லா எடத்துலயுமா அக்கா?"

"கடைசி மூணு நெரை மட்டும் மிச்சம். முதுகு வலி லா."

அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அங்கே சட்டத்தை வைத்தோம். வளைகளை எண்ணி மாளவில்லை. பக்கத்து ஓடையில் போட்ட வலையில் மடவை மீன் குஞ்சுகள் துள்ளின.

மறுநாள் துரை வந்து வெறும் சேற்றையும் வளைகள் நிறைந்த கடைசி நிரைகளையும் குனிந்து குனிந்து பார்த்தார். "இங்க மட்டும் எப்படி?" என்றார்.

மிஸ் என்னைப் பார்த்தார். நான் முன்னால் வந்தேன்.

"இங்க மட்டும் நான் வேல செய்யல, துரை."

சிரித்து முடித்துவிட்டு அவர் எங்களை மேய்க்கும் கங்காணியான மண்டோரைக் கூப்பிட்டு, கரை வெட்டினபடியே கிடக்கட்டும் என்றார். எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.