தலை தட்டிய கிரேட்

எங்கள் ஓசூர் வீட்டுச் சமையலறை மூலையில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் கிரேட் இருக்கிறது. ஓரம் உடைந்ததென்று ஆலையில் கழித்துப் போட்டது. மருமகள் அதில் வெங்காயத்தைக் குவித்து வைப்பாள். விளிம்புக்கு மேல் நிற்பவற்றை நான் எண்ணி எடுத்துவிடுவேன். இன்று பதினொன்று. "மேல இன்னொரு கிரேட்டா அடுக்கப் போறீங்க, மாமா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான்.

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில், காய் இறக்கும் இடத்துக்கு நான் மேற்பார்வையாளனாக இருந்தேன். தோட்டத்திலிருந்து பெங்களூரா ரக மாங்காய் லாரியில் வைக்கோல் பரப்பி, அதன் மேல் அடுக்கி வரும். அடியில் கிடப்பவை நசுங்கும். கிரேடில் வந்தால் சேதம் குறையுமா என்று மேலாளர் பார்க்க நினைத்தார். ஒரே தோட்டத்துக் காய், ஒரே சாலை, இரண்டு லாரி. ஏற்றும் பெண்களின் தலைவியை மேஸ்திரியம்மா என்போம். தளி ஊர்க்காரர், கோபம் வந்தால் கன்னடம் வரும். வைக்கோலில் காய் அடுக்கத்தான் அத்தனை பெண்கள் வேண்டும். கிரேட் ஜெயித்தால் பாதிப் பேருக்கு வேலையில்லை என்பது அவருக்குத் தெரியும்.

கிரேட் தோற்றது. மேலாளர் திட்டத்தைக் கைவிடப் பார்த்தார். எனக்குத்தான் மனம் ஆறவில்லை. ஒவ்வொரு கிரேடாகக் கவிழ்த்து, அடிபட்ட காய்களை எண்ணினேன். எல்லாம் மேல் வரிசைக் காய்கள். பெண்கள் கோபுரமாகக் குவித்திருந்ததால், மேல் கிரேட் கீழ் கிரேடின் விளிம்பில் உட்காராமல் காயின் மீதே உட்கார்ந்து வந்திருக்கிறது. எதை அளந்தாலும் தலை தட்டாமல் குவித்துக் கொடுப்பதுதானே நம் பக்கத்து மரியாதை.

மேலாளரிடம் இன்னொரு லோடு கேட்டு வாங்கி, தோட்டத்துக்கே போய் மேஸ்திரியம்மாவிடம் விளிம்போடு தட்டச் சொன்னேன். அடுத்த லோடையும் குவித்தே அனுப்பியிருந்தால் யாரும் குறை கண்டிருக்க மாட்டார்கள். ஆனால் அன்று ஒவ்வொரு கிரேடின் விளிம்பிலும் முன்கையை வைத்துத் தடவி, தட்டுப்பட்ட காயை அவரே எடுத்தார்.

"என்னக்கா, கஞ்சன் வீட்டு அளவா இருக்குது?" என்று ஒருத்தி இடித்தாள்.

"நசுக்கி அனுப்பறதுக்கா கூலி வாங்கறோம்? தட்டுடி."

இம்முறை கிரேட் ஜெயித்தது. அடுத்த பருவத்தில் பாதிப் பெண்கள் வரவில்லை. காலி கிரேட் கழுவும் வேலையை மேலாளரிடம் வாதாடி நான்கு பேருக்கு வாங்கிக் கொடுத்திருந்தார் மேஸ்திரியம்மா. அந்த நால்வரில் அவர் இல்லை.

இன்று மருமகள் அந்தப் பக்கம் போனதும், கிரேடின் விளிம்பில் முன்கையை வைத்து ஒருமுறை தடவினேன். நான் எண்ணாமல் விட்டிருந்த பன்னிரண்டாவது வெங்காயம் தட்டுப்பட்டது.