யாரும் எழுதாத புராணம்

மைக்கேல்ராஜுக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை. பயாஸ்கோப் திரையில் ‘கதை: மைக்கேல்ராஜ்’ என்று எழுத்து விழ வேண்டும், அதைப் பெங்களூர் கண்டோன்மெண்ட் முழுவதும் உட்கார்ந்து படிக்க வேண்டும். படம் நன்றாக இருக்கிறதா என்பதெல்லாம் அவருக்கு அப்புறம்தான். ஆக மொத்தம் மூன்று படம் எடுத்தார். பின்னால் எடுத்த இரண்டும் ஓடவில்லை. அவற்றைப் பற்றி அவரே பேசமாட்டார், நாமும் பேச வேண்டாம்.

கண்டோன்மெண்டுக்குள்ளேயே பிளாக்பள்ளியில் பிறந்து, ராணுவ உடுப்புக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்தவர். சினிமாவுக்கு அவர் கொண்டுவந்த ஒரே தகுதி, இயேசுநாதரின் பாடுகளை வருஷா வருஷம் மாதாகோயில் மைதானத்தில் பாஸ்கு நாடகமாகப் போட்டதுதான். ஆனால் போட்டார் என்றால் போட்டார். ஒரு வருஷம் யூதாசாக நடித்த ரொட்டிக்காரரிடம் ஈஸ்டர் முடிந்தும் ஒருவர்கூட ரொட்டி வாங்கவில்லை. அந்த மனிதர் வீடு வீடாகப் போய்த் தான் நல்லவன் என்று சொல்லிப் பார்த்தார். “எல்லாத்தையும் பண்ணிட்டு இப்ப வந்து சொல்றியா?” என்று கேட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

இந்தப் புகழ் சிக்கப்பேட்டை வரை எட்டி, படத்துக்குப் பணம் போட ஜவுளி வியாபாரி சேஷகிரி தேடி வந்தார். 1930இல் படங்களுக்கு இன்னும் வாய் வரவில்லை. பேச வேண்டியதை அட்டையில் எழுதி நடுநடுவே காட்டுவார்கள்.

“புராணம்தான் வேணும். ஆனா இதுவரைக்கும் எவனும் எடுக்காத புராணமா இருக்கணும். இருக்கா?” என்றார் சேஷகிரி.

எடுத்த புராணமே மைக்கேல்ராஜுக்குத் தெரியாது, எடுக்காததற்கு எங்கே போவார்? ஆனாலும் வாய் முந்திக்கொண்டது. “இருக்கு சார்!”

அந்த வாரமே கதை தயார். சுகந்தவதி என்று ஒரு தாய். அவளுடைய மகன் நிர்மலன், ஊர் ஊராகப் போய் நல்லது சொல்லும் இளந்துறவி. கூட இருந்த சீடனே அவனை அரசனிடம் காட்டிக்கொடுக்கிறான். இன்னொரு சீடன் சேவல் கூவுவதற்குள் மூன்று தரம் “இவனை எனக்குத் தெரியாது” என்கிறான். அரசன் ஆணைப்படி நிர்மலன் சாகிறான். தாய் பிள்ளையை மடியில் போட்டு அழுது, பிறகு தூக்கிக்கொண்டு அரசவைக்கே போகிறாள். மூன்றாம் நாள் பரமசிவன் ரிஷப வாகனத்தில் வந்து உயிர் கொடுக்கிறார்.

சேஷகிரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எந்தப் புராணத்துல வருதப்பா இது?”

“ஸ்தல புராணம் சார்.”

“எந்த ஸ்தலம்?”

“ரொம்ப தூரம் சார்.”

அது ஒன்றும் பொய்யில்லை.

படப்பிடிப்பு லால்பாக் பாறைமேல் நடந்தது. சுகந்தவதியாக ரிச்மண்ட் டவுன் ஆங்கிலோ இந்தியப் பெண் டோரீன் நடித்தாள். அரசனின் சேவகர்களுக்கு மாதாகோயில் பெட்டியிலிருந்து ரோமாபுரித் தகரத் தொப்பிகள் வந்தன. உச்சியில் தேங்காய்நார் நிமிர்ந்து நிற்கும் தொப்பிகள். ‘இது என்ன தேசத்து வேஷம்?’ என்று சேஷகிரி கேட்டபோது, மகத தேசம் என்று பதில் வந்தது. மகத தேசத்தை அவரும் பார்த்ததில்லை.

இடி கடைசியில் விழுந்தது. தலைப்பு அட்டை எழுதும் நாளன்று சேஷகிரி சொன்னார்: “கதைன்னு உன் பேரைப் போடமுடியாதப்பா. புராணத்துக்கு ஏது கதாசிரியர்? அதுவும் மைக்கேல்னு! ஜனங்க கொட்டகையைக் கொளுத்திடுவாங்க. டைரக்‌ஷன் எம். ராஜ்னு வேணா போடலாம்.”

நானேதான் எழுதினேன் என்று சொன்னால் படம் பெட்டிக்குள் போய்விடும். சொல்லாவிட்டால் பெயர் போய்விடும். மைக்கேல்ராஜ் மென்று விழுங்கினார். வீட்டில் மனைவி ஜூடித்திடம் சொல்லவும் தைரியம் வரவில்லை. அவளோ அவருடைய பெயரைத் திரையில் பார்க்க வரும்படி தெருவையே அழைத்துவிட்டிருந்தாள்.

முதல் காட்சிக்குச் சேஷகிரி ஒரு பெரிய ஆளைக் கூட்டிவந்தார். மல்லேஸ்வரத்தில் கதாகாலட்சேபம் செய்யும் வெங்கடசுப்ரமணிய சாஸ்திரி. பதினெட்டுப் புராணமும் நுனிநாக்கில் வைத்திருப்பவர். அவருக்கு நேர் பின்னால்தான் மைக்கேல்ராஜுக்கு இடம் கிடைத்தது.

விளக்கு அணைந்தது. ‘கதை: ஸ்தல புராணம்’ என்று எழுத்து விழுந்தது.

“உங்க பேரு எங்க?” என்றாள் ஜூடித்.

“அப்புறம் சொல்றேன்.”

“எப்புறம்?”

நல்லவேளையாக முன்வரிசையில் சாஸ்திரி பேச ஆரம்பித்துவிட்டார். தனக்குத் தெரியாத புராணம் ஒன்று உண்டு என்று ஒப்புக்கொள்கிற பிறவி இல்லை அவர். “ஸ்காந்த புராணத்துல வர்றதுன்னா இது!” என்று முதல் ரீலிலேயே சேஷகிரிக்கு அறிவித்துவிட்டார். சேவல் கூவியதும், “பாருங்கோ, சேவல்! சுப்ரமண்ய ஸ்வாமி ஸூசகமா வந்துட்டார்” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிள்ளையை மடியில் கிடத்தியதும் டோரீன் பழக்கதோஷத்தில் நெற்றி, மார்பு, தோள் என்று சிலுவை போட்டுவிட்டாள். மைக்கேல்ராஜ் கண்ணை இறுக மூடிக்கொண்டார். “அடடா, மந்த்ரம் சொல்லி அங்கத்தைத் தொட்டு அங்கந்யாசம் பண்றாளே! சாஸ்த்ரம் தெரிஞ்ச டைரக்டர்!” என்றார் சாஸ்திரி.

பிறகு அரசவைக் காட்சி வந்தது. சுகந்தவதி பிள்ளையின் உடலோடு சிம்மாசனத்தின் முன் நின்றாள். சாபம் கொடுக்கப்போகிறாள் என்று கொட்டகையே காத்திருந்தது. அட்டை விழுந்தது: ‘கை வலிக்கிறது, அரசே. இவனைச் சற்று நேரம் நீ பிடித்துக்கொள்.’

ஜூடித்தின் கை வந்து மைக்கேல்ராஜின் முழங்கையைப் பற்றியது. பெரிய விஷக்காய்ச்சல் வந்த வருஷம், அவர்களுடைய தலைப்பிள்ளையின் உடலை ஆஸ்பத்திரியிலிருந்து ஜட்காவில் எடுத்துவந்தபோது அவள் அவரிடம் சொன்ன வார்த்தை அது. வழியெல்லாம் அவள் வேறெதுவும் பேசவில்லை. பாஸ்கிலும் இல்லாமல், பைபிளிலும் இல்லாமல் அந்தப் படத்தில் இருந்த வசனம் அது ஒன்றுதான்.

விளக்கு வந்தபோது சாஸ்திரியின் மேல்துண்டு நனைந்திருந்தது. திரும்பி, யாரென்று தெரியாத மைக்கேல்ராஜையே பிடித்துக்கொண்டார்.

“கேட்டேளா ஓய்? ‘கை வலிக்கிறது’ங்கறா! இதை மனுஷாள் எழுத முடியுமோ? வியாசர்தான் எழுதணும். வேற யார் எழுதுவா, சொல்லும்?”

பக்கத்தில் நின்ற சேஷகிரியின் முகம் வெளுத்தது. மைக்கேல் என்ற பேரைச் சொல்லிவிடாதே என்று கண்ணால் கெஞ்சினார். மைக்கேல்ராஜ் இந்தக் கேள்விக்காக ஆயுசு பூராவும் காத்திருந்தவர். பதிலும் நாக்கில் தயாராக இருந்தது. ஆனால் வாயைத் திறந்தபோது வேறு பதில் வந்தது.

“இவங்க சொன்னது, சாமி. என் சம்சாரம்.”

சாஸ்திரி ஜூடித்தைப் பார்த்தார். அவள் கழுத்துச் சங்கிலியில் தொங்கிய சிலுவையையும் பார்த்தார். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு, “அம்மா இதை யார்கிட்ட கேட்டது?” என்றார்.

“யார்கிட்டயும் கேக்கல சாமி” என்றாள் ஜூடித். “கை வலிச்சிச்சு. சொன்னேன்.”

சாஸ்திரி எழுந்து நின்று அவளைப் பார்த்துக் கைகுவித்தார்.