எதிரே வந்த ரிவர்ஸ்டன் பஸ்

சமூக மனநலத் தாதியான என் பொறுப்பில் உள்ள அக்கா ஒருவர் போன மாதம் மனநலக் கிளினிக்குக்கு வரவில்லை. பஸ்ஸில் சிலர் அவரைப் பார்த்துச் சிரித்ததுதான் காரணம்.

இந்த மாத ஊசியும் தவறினால் மறுபடி வார்டுதான். களப்பணிக்கு எங்களுக்கு ஒரு வாகனம் தர அரசுக்கு மனமில்லை. அதனால் இன்று காலை அவரைத் தேடி, மலைமேல் ரிவர்ஸ்டனுக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன்.

ஒடுங்கிய வளைவில் எதிரே வந்த பஸ் வழிவிட்டு நின்றது. என்னைக் கண்டதும், இந்த வழியில் என்னைப் பழகிய அதன் கண்டக்டர் கத்தினார்: "மிஸ், எறங்குங்க! அக்கா இங்க இருக்காங்க!"

முன் சீட்டில் அக்கா, மடியில் கிளினிக் புத்தகத்தோடு.

"போன மாசம் சிரிச்சது என் பஸ்ஸில தானே மிஸ். அதான் தோட்டத்து லயத்து வீட்டுக்கே போய்க் கூட்டிட்டு வந்தேன். இனி எவனாச்சும் சிரிச்சா வழியிலயே எறக்கிடுவேன்."

கள அறிக்கையில் 'பயன்படுத்திய வாகனம்' என்ற இடத்தில் வழக்கமாக 'இல்லை' என்றுதான் எழுதுவேன். இன்று நன்றியோடு அந்தக் கண்டக்டர் தம்பியின் பஸ் இலக்கத்தை எழுதிவிட்டேன். மேலிடம் விளக்கம் கேட்டால் நீங்கள்தான் சாட்சி. வருவீர்களா?