அம்மா படம் ஒட்டவேண்டிய இடம்

சிறப்பாசிரியராக நான் சேர்ந்த முதல் நாளே தேன்மொழி வகுப்பிலிருந்து எழுந்து ஓடினாள். கிருமாம்பாக்கம் பக்கத்து அரசுப் பள்ளி. கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கடலூர் ரோடு. பஸ்காரர்கள் அங்கே வேகத்தைக் குறைப்பதில்லை.

அவளுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம். பேச்சு வரவில்லை. கேட்டுக்கு வெளியே புங்க மரத்தடியில் காவலுக்கு உட்கார்ந்திருந்த அவள் அம்மா அஞ்சலைதான் பிடித்துக்கொண்டு வந்தார். முன்பு ஒருமுறை, பள்ளியில் விட வந்த அவர் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் இவள் ரோடு வரைக்கும் போய்விட்டாளாம். அன்றிலிருந்து ஆஸ்பத்திரி ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போகாமல் நாள் முழுக்க அங்கேயே இருந்தார்.

"இந்த மாசத்துக்குள்ள வரலன்னா வேற ஆள போட்டுருவாங்க சார். அப்புறம் இவள வூட்ல வெச்சுப் பூட்டிட்டுத்தான் எங்கனா வேலைக்குப் போவணும்" என்றார்.

பயிற்சியில் படித்தபடி, அன்றைய வேலைகளை மேலிருந்து கீழாகப் படங்களாகக் காட்டும் விஷுவல் ஷெட்யூலைச் செய்தேன். படங்களை ஒட்டவும் பிய்க்கவும் வெல்க்ரோ ஒட்டிய பலகை. இணையத்தில் எடுத்த படங்களை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காலையில் பள்ளியில் தரும் ரொட்டி, பாலுக்கான அவளுடைய டம்ளர், களிமண், சாப்பாட்டுத் தட்டு, பாய் எல்லாவற்றையும் செல்போனில் எடுத்து பிரிண்ட் போட்டேன். கடைசியில் அம்மா படம். ஒரு வேலை முடிந்ததும் அந்தப் படத்தை எடுத்து டப்பாவில் போடவேண்டும். சீக்கிரமே பழகிக்கொண்டாள். ஆனாலும் ஓட்டம் நிற்கவில்லை. அவள் இடத்தைக் கதவிலிருந்து தள்ளிப் போட்டேன், டைமர் வைத்தேன். ஒன்றும் பலிக்கவில்லை.

ஒருநாள் களிமண்ணைப் பாதியில் விட்டு எழுந்தாள். ஓடப்போகிறாள் என்று வாசலை மறித்து நின்றேன். அவள் பலகைக்குப் போனாள். அம்மா படத்தைப் பிய்த்து எல்லாவற்றுக்கும் மேலே ஒட்டினாள். நான் கீழே மாற்றினேன். மறுபடியும் மேலே ஒட்டினாள். திரும்பவும் மாற்றினேன். இந்த முறை படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, என் மணிக்கட்டைப் பிடித்து ஜன்னலுக்கு இழுத்துப் போனாள். கம்பி வழியே அம்மா தெரிந்தார். படத்தை அந்தக் கம்பியில் வைத்து அழுத்தினாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எல்லாம் முடிந்த பிறகுதான் அம்மா என்றது என் பலகை. அம்மாவோ கண்ணெதிரே உட்கார்ந்திருந்தார். முன்பு ரோடு வரைக்கும் போனதுகூட அவரைத் தேடித்தான். ஒரு சொல்லும் இல்லாமல் என் பலகையைத் திருத்திக் காட்டிவிட்டாள். எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் போனவன் நான். படித்ததெல்லாம் சொல்லிக் கொடுக்கத்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

பலகை சொல்வது உண்மையாக வேண்டுமானால் அஞ்சலை நிஜமாகவே கிளம்பிப் போகவேண்டும் என்று எச்.எம். மேடத்திடம் சொன்னேன்.

"ஆள் இருக்கும்போதே இந்த ஓட்டம். நாளைக்கு எதனா ஒண்ணு ஆச்சுன்னா ஒங்க பலகையா சார் வந்து பதில் சொல்லும்?"

கடைசியில், கேட்டில் தானே நாற்காலி போட்டு உட்காருவதாகச் சொல்லி ஒரே ஒரு நாள் அனுமதி தந்தார்.

"அவ பாக்காதப்ப நைசா போயிறட்டா சார்?" என்று அஞ்சலை கேட்டார். நம் ஊர்ப் பழக்கம் அதுதான். "வேணாங்கா. அவ பாக்கும்போதே போங்க" என்றேன்.

படத்தை மகள் கையில் கொடுத்து, "சாயந்தரம் வர்றேன்டி" என்று சொல்லி ஷேர் ஆட்டோவில் ஏறினார். திரும்பிப் பார்க்கவில்லை. அழுதிருப்பார். ஆட்டோ திருப்பத்தில் மறையும்வரை தேன்மொழி நின்றாள். தொண்டையிலிருந்து நீளமாக ஒரு சத்தம் வந்தது. நாங்கள் யாரும் அசையவில்லை. பிறகு அவளே உள்ளே வந்து அம்மா படத்தைப் பலகையின் அடியில் ஒட்டினாள். விழுந்துவிடாதபடி உள்ளங்கையால் அழுத்திவிட்டுப் பால் டம்ளரை எடுத்தாள்.

அந்த ஒரு நாள் அனுமதி நீண்டது; அஞ்சலை இப்போது ஆஸ்பத்திரியில் காலை ஷிப்ட் போகிறார்.

புதிதாக வரும் சிறப்பாசிரியர்களுக்கு நான் சொல்வது இதுதான். பலகையில் நடக்கப்போவதை மட்டும் ஒட்டுங்கள். பிள்ளை ஒரு படத்தைப் பிய்த்து வேறு இடத்தில் வைத்தால், உடனே திருப்பி ஒட்டாதீர்கள். அவள் எங்கே பார்க்கிறாள் என்று நீங்களும் ஒருமுறை பாருங்கள்.