வேனின் இரண்டு பேட்டரிகள்

பிள்ளைகளே, நான் ஓட்டிய மருத்துவ வேனில் இரண்டு பேட்டரிகள் இருந்தன. ஒன்று இன்ஜினைக் கிளப்ப. மற்றது, வண்டி நிற்கும்போது உள்ளே விளக்குக்கும் விசிறிக்கும். இன்ஜின் ஓடினால்தான் இரண்டுக்கும் சார்ஜ் ஏறும்.

பொம்மிடி அருகே ஓர் ஊரில் கரண்ட் போனதும், சாவு வீட்டுக்கு இரண்டாவது பேட்டரியிலிருந்து விளக்குப் போட்டுக் கொடுத்தேன். நன்றாக இருட்டியபோது அதில் சார்ஜ் இறங்கிவிட்டது.

“இன்னொண்ணு இருக்குதில்லீங்க, அதுல மாட்டுங்க” என்றார் இறந்தவரின் தங்கை.

“அதுவும் எறங்கிட்டா வண்டி கெளம்பாதுங்க. வேன்ல ஒரு பொண்ணு பிரசவ வலியில கெடக்குது, கூட இருக்கிற நர்சம்மா எப்ப வேணாலும் கெளம்பச் சொல்லுவாங்க. டீசலும் தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போவத்தான் இருக்குது.”

“செத்தவருக்கு ஒரு வெளக்குக் கூடவா இல்ல?”

நான் வேனுக்குத் திரும்பினேன். சற்று நேரத்தில் நர்சம்மா கிளம்பச் சொன்னார். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பிடித்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

மறுநாள் திரும்பியபோது அடக்கம் முடிந்திருந்தது. தனியாகக் கல்லறைக்குப் போய், ஒரு மெழுகுவத்தி ஏற்றி வைத்தேன்.