கண்ணாடிக்குள்ள ரெண்டடி கடல்

கண்ணாடி கடக்காரனுக்கு தொழில்ல ரெண்டே வேல: ஒடஞ்சத மாத்தறது, மாத்துனத ஒடைக்காம கஸ்டமர் கையில குடுக்கறது. மூணாவதா ஒண்ண நானா தான் தலயில ஏத்திகினேன்.

செங்கல்பட்டு பஜார்ல முன்னால கட, பின்னால வூடு. படத்துக்கு பிரேம் போடுவேன், ஜன்னலுக்கு கண்ணாடி போடுவேன், நல்ல தண்ணி மீனுக்கு தொட்டி செஞ்சி குடுப்பேன். எழுபத்தஞ்சி, எழுபத்தாறு வாக்குல ஒரு நாளு, நாலு கட தள்ளி சின்னதா ஆஸ்பத்திரி வெச்சிகினு இருந்த டாக்டரு வந்து குந்துனாரு. மெட்ராசுல யாரோ பெரிய மனுசன் வூட்ல கடல் தண்ணி தொட்டி பாத்தாராம். உள்ள பாறக்கல்லு, பூ மாதிரி விரிஞ்சி சுருங்கற கடல் தாமரன்ற பிராணி, கலர் கலரா மீனு. அதே மாதிரி ஒண்ணு, நோயாளிங்க குந்தற ஹால்ல வேணும்னாரு. செஞ்சிடலாம் சார்னு வாய் தானா சொல்லிடுச்சி. என் வாய்க்கும் மூளைக்கும் நடுவுல எப்பவுமே கரண்டு கட்டு.

டாக்டரு வெவரமான ஆளு. மொதல்ல உன் வூட்ல ஒண்ணு வெய்யி, மீனு வுட்டு நாப்பது நாளு சாவாம காட்டு, அப்பாலிக்கா எனக்கு செய்யின்னாரு. சாயங்காலத்துக்குள்ள பஜார் பூரா தெரிஞ்சி போச்சி. என் வூட்டுக்காரி ஜமீலா தையல் மிஷின நவுத்திட்டு ஜன்னலோர மூலய குடுத்தா. மீனு செத்தா ஆர்டர் போச்சி, பஜார்ல மானமும் போச்சி. மீன் தொட்டி வெச்சி நொந்தவங்க யாராச்சும் இத படிச்சிகினு இருந்தா, வாங்க, பக்கத்துல குந்துங்க. நீங்க எனக்கு சொந்தக்காரங்க.

இரும்புக்கு ஆவாத தண்ணி

அந்த காலத்துல தொட்டின்னா இரும்பு ஆங்கிள்ல சட்டம், அதுக்குள்ள கண்ணாடி, இடுக்குல சுண்ணாம்பு பொடியும் எண்ணெயும் கொழச்ச மக்கு வெச்சி பூசறது. அப்டியே ரெண்டடிக்கு ஒண்ணு செஞ்சி, பெயிண்ட் அடிச்சி, கடல் தண்ணி ஊத்துனேன். நாலாவது நாளு மூலையெல்லாம் காவி. எட்டாவது நாளு தண்ணியே டீ கலரு. மாபலிபுரத்துல கடல் காத்து பட்டே சைக்கிள் செயின் துரு புடிக்குது, கடலயே புடிச்சி இரும்புக்குள்ள ஊத்துனா இன்னா ஆவும்னு தோணல பாருங்க.

அப்பதான் மெட்ராஸ் யாவாரி ஒருத்தரு சொன்னாரு, இரும்பே வேணாம், கண்ணாடியோட கண்ணாடிய ஒட்ற பசை வந்துகீது, பர்மா பஜார்ல கெடைக்கும்னு. ரயிலேறி போயி ட்யூபுல வாங்கினு வந்தேன். வூடெல்லாம் வினிகர் நாத்தம். வெறும் அஞ்சி கண்ணாடிய ஒட்டி நிறுத்திட்டு, ரெண்டு நாளு அத சுத்தி பூன மாதிரி நடந்தோம். நின்னுச்சி. ஜமீலா எட்ட நின்னு பாத்துட்டு சொன்னா:

"நிக்கா ஆயி பன்னெண்டு வருசத்துல நீங்க நிறுத்துனதுல இது ஒண்ணு தான் ஒயுங்கா நிக்குது, இதயும் தண்ணிய ஊத்தி கெடுக்கணுமா?"

பஸ்ல ஏறன கடல்

மாபலிபுரத்துல தேசிங்குன்னு ஒரு சிநேகிதன். கட்டுமரத்துல மீன் புடிக்கறவன். கரையோர தண்ணி கலங்கல்னு சொல்லி, உள்ள போயி நாலு பிளாஸ்டிக் கேன்ல மொண்டு குடுத்தான். பஸ்ல ஏத்தினு கெளம்பனேன். அப்ப மதுவிலக்கு திரும்ப வந்திருந்த சமயம். திருக்கழுக்குன்றத்துல ஒரு போலீஸ் ஏட்டு ஏறனாரு. கேன கால்ல தட்டி இன்னா இதுன்னாரு. கடல் தண்ணின்னேன். எதுக்குன்னாரு. மீனு வளக்கன்னேன். அவரு என்ன பாத்த பார்வையில, நான் கேன்ல இருக்கறத ஏற்கெனவே குடிச்சிட்டு தான் பேசறேன்னு முடிவு பண்ணிட்டாரு.

சும்மா இருந்திருக்கலாம். வேணும்னா ஒரு மொடக்கு குடிச்சி பாருங்க சார், மாபலிபுரத்து சரக்குன்னேன். பஸ்ஸே திரும்பி பாத்துது. மூடிய தெறந்தாரு, மோந்தாரு, ஒண்ணும் நாத்தம் வரல. அதுல சந்தேகம் சாஸ்தியாயி நெஜமாவே ஒரு மொடக்கு குடிச்சிட்டாரு. மூஞ்சி போன போக்க எய்தி காட்ட எனக்கு படிப்பு பத்தாது. ஜன்னல் வயியா துப்பி, கர்ச்சீப்பால வாய தொடச்சி, மீதி மூணு கேனயும் வரிசயா தெறந்து வெறல வுட்டு நக்கி பாத்துட்டு, எறங்கறப்ப சொன்னாரு:

"சாராயம் கடத்துனா கேசு போட சட்டம் கீது, கடல கடத்தறவன எதுலயா உள்ள வெக்கறது?"

குடித்தனம் வராத வூடு

டாக்டரு கிட்ட இங்கிலீஷ் பொஸ்தகம் ஒண்ணு. அவரு படிச்சி அர்த்தம் சொல்லுவாரு, நான் தலய ஆட்டுவேன். தண்ணி ஊத்துன ஒடனே மீன வுடக்கூடாதாம். மணலு, பாசி புடிச்ச உயிருள்ள பாறக்கல்லு எல்லாம் வெச்சி, காத்து மோட்டர் ஓட்டிகினே ஒரு மாசம் வுடணுமாம். தண்ணி பழகணுமாம். தேசிங்கு கோயில் பக்கத்து பாறயில இருந்து கல்லு பேத்து குடுத்தான், அதுல ஒண்ணுல கடல் தாமர ஒட்டிகினு இருந்திச்சி. ஒரு மாசம் பஜாரே வந்து எட்டி பாத்துது. உள்ள கல்லு தான். குமுகுமுன்னு காத்து, கல்லு. கடவுளே, ஒரு மாசம் கல்ல பாக்கறது எம்மா பேஜாரு தெரியுமா? எனக்கே மூணு தபா கை துறுதுறுத்துச்சி, ரெண்டு மீன வுட்டுட்டு டாக்டர் கிட்ட சொல்லாம இருந்துடலாமான்னு. ஜமீலா தான் கைய தட்டி வுட்டா.

ஒருத்தரு தன் அப்பா போட்டோவுக்கு பிரேம் போட வந்தாரு. பிரேம் காயறதுக்குள்ள தொட்டி முன்னால அர மணி நேரம் குந்திகினு மீனு எந்த சந்துல ஒளிஞ்சிகினு கீதுன்னு தேடனாரு. மீனே இன்னும் வுடல அண்ணாத்தன்னு சொன்னேன். தொட்டிய மேலயும் கீயயும் பாத்துட்டு சொன்னாரு:

"எங்க தெருவுலயும் ஒரு வூடு இப்டி தான், மோட்டரு லைட்டு எல்லாம் கீது, ஆளு ஒண்ணும் குடி வரல, பேய் கீதுன்றாங்க."

கொசு வலையில வேட்ட

மாசம் முடிஞ்சி தேசிங்கும் நானும் தண்ணி வத்தன நேரமா பாத்து பாறை குழிங்கள்ல எறங்கனோம். மஞ்சளும் கறுப்புமா பட்ட போட்ட சின்ன மீனு, கட்ட வெறல் நீளம். ஜமீலாவோட பழய கொசு வலைய கிய்ச்சி ஆளுக்கு ஒரு முன புடிச்சிகினோம். அந்த மீனுங்களுக்கு எங்கள தெரியும், எங்களுக்கு தான் அதுங்கள தெரியல. நாஸ்தா துன்னாம எறங்கனது, வெய்யில் உச்சிக்கு வர வரைக்கும் மூணு தான் ஆப்ட்டுது. முட்டியெல்லாம் சிப்பி கீறி ரத்தம். சுறா புடிச்ச பரம்பர தேசிங்கு, கேனுக்குள்ள எட்டி பாத்துட்டு அக்கம் பக்கம் யாராச்சும் பாக்கறாங்களான்னு திரும்பி பாத்தான்:

"மச்சான், இத புடிக்க பொழுது பூரா நின்னேன்னு குப்பத்துல சொல்லிடாத, எனக்கு பொண்ணு குடுக்க மாட்டாங்க."

சுண்டிப்போன கொழம்பு

மூணும் வூட்டுக்கு வந்து சேந்துச்சி. அன்னிக்கு தான் மொத நாளு. தெனம் காலையில எண்ணி பாப்பேன்: ஒண்ணு, ரெண்டு, மூணு. ஒரு நாளு ஒண்ணு கல்லுக்கு பின்னால போயி ஒளிஞ்சிகிச்சி, நான் கடய தெறக்கல.

வெய்யிலுக்கு தண்ணி கொறஞ்சிகினே போச்சி. கொறய கொறய, மிச்சம் வெச்சிருந்த கடல் தண்ணிய ஊத்தி நெரப்பிகினே வந்தேன். பதினஞ்சாம் நாளு மீனுங்க ஒரு மாதிரி தலய தொங்க போட்டுகினு நின்னுச்சி. கடல் தாமர சுருங்கி பட்டன் மாதிரி ஆயிடுச்சி. டாக்டரும் அன்னிக்குன்னு பாத்து வெளியூர் போயிருந்தாரு. நான் தலயில கைய வெச்சிகினு குந்திட்டேன். ஜமீலா அடுப்பாங்கரயில இருந்து வந்து, தொட்டியில வெறல வுட்டு நாக்குல வெச்சி பாத்தா. ஒரு சொம்பு கெணத்து தண்ணிய எடுத்தாந்து கொஞ்சம் கொஞ்சமா ஊத்துனா. மறுநாளும் அப்டியே. மூணாம் நாளு கடல் தாமர வெரிஞ்சிகிச்சி, மீனுங்க சண்ட போட ஆரம்பிச்சிடுச்சி. எப்டிம்மா தெரியும்னு கேட்டேன்:

"கொழம்பு சுண்டி உப்பு கரிச்சா நான் இன்னா ஊத்துவேன், இன்னொரு கை உப்பா போடுவேன்?"

வியாழக்கெழம பொக

வியாழக்கெழம சாயங்காலம் ஆனா சாம்பிராணி பாவா பஜாருக்கு வருவாரு. கையில தட்டு, தட்டுல நெருப்பு, மயிலிறகு விசிறி. ஒவ்வொரு கடயிலயும் பொக போட்டு துவா செஞ்சிட்டு போவாரு. நல்ல மனுசன். எப்பவும் கடயோட போயிடறவரு, அன்னிக்கு முப்பத்தி நாலாம் நாளு, தொட்டிய பாக்கணும்னு உள்ள வந்தாரு. பஜார் பூரா இதயே பேசிகினு கீதே, கண்ணு பட்டுடும்னு, மோட்டர் பக்கத்துலயே நின்னு தட்ட நல்லா விசிறி வுட்டாரு. நானும் தலய குனிஞ்சி துவா வாங்கிகினு நின்னேன், மடயன். காத்து மோட்டரு வெளி காத்த இழுத்து தண்ணிக்குள்ள வுடற சாமான். சாம்பிராணி பூராவும் குமுகுமுன்னு உள்ள போச்சி.

மறுநாளு காலையில எண்ணனேன். ஒண்ணு, ரெண்டு. மூணாவது மல்லாந்து கெடந்துச்சி. அன்னிக்கு எனக்கு ஜோக்கு ஒண்ணும் வரல. பாவாவுக்கு சேதி போயி ஓடியாந்தாரு. கண்ணு கலங்கி, தொட்டி முன்னால நின்னுகினே இருந்தாரு. அவர இன்னா திட்றது? நானே டீ வாங்கி குடுத்தேன். குடிச்சிட்டு மெதுவா சொன்னாரு:

"நாப்பது வருசமா ஊரு கண்ண ஓட்னேன் தம்பி, எனக்கே ஒரு கண்ணு இருந்திருக்குது."

எல்லாம் ஒரே மூஞ்சி

இன்னும் அஞ்சி நாளு. மாபலிபுரத்துக்கு ஓடனேன். தேசிங்கு விஷயத்த கேட்டுட்டு, பாறயில எறங்கி அதே பட்ட, அதே நீளம், ஒரு மீன புடிச்சி கேன்ல போட்டு குடுத்தான். இத வுட்டுட்டா மூணு மூணாவே இருக்கும், யாருக்கு தெரிய போவுது? எனக்கு மனசு அடிச்சிகிச்சி. டாக்டரு நடு நடுவுல வந்து உத்து பாத்தவராச்சே, இனிமே நாப்பதாம் நாளு தான் வருவாருன்னாலும் கண்டு புடிச்சிடுவாருடான்னேன். தேசிங்கு சிரிச்சான்:

"போன வாரம் அவரு கிட்ட ஊசி போட்டுகினேன், இந்த வாரம் போனா நீ யாருன்றாரு, மனுச மூஞ்சியே தெரியாதவருக்கு மீன் மூஞ்சியா தெரிய போவுது?"

நாப்பதாவது நாளு

கேனுக்கும் ஒரு காத்து ட்யூப வுட்டு அந்த மீன உசுரோட வெச்சிருந்தேன், தொட்டியில மட்டும் வுடல. வுட போவன், கை நிக்கும். நியாயம் தர்மம்னு ஒண்ணும் இல்லீங்க, பயம். இங்க ஒரு தபா மாத்திட்டா, ஆஸ்பத்திரியில செத்தா அங்கயும் மாத்தணும். ஆயுசுக்கும் மாபலிபுரம் பஸ்ல கேனோட குந்திகினு இருக்கணும். அந்த ஏட்டு வேற அதே ரூட்டு.

காலையில டாக்டரு வந்தாரு. பின்னாலயே பாதி பஜாரு. தொட்டி முன்னால குனிஞ்சி, கண்ணாடிய மூக்குல ஏத்திகினு எண்ணனாரு. ரெண்டு. இன்னொரு தபா எண்ணனாரு. ஜமீலா கதவு கிட்ட நின்னு முந்தானய கடிச்சிகினு இருந்தா. நான் பாவாவ காட்டி குடுக்காம, மோட்டரு வெச்ச எடம் தப்பு சார், பொக உள்ள போச்சி, ஒண்ணு செத்துடுச்சி, கேன்ல இன்னொண்ணு கீது, ஏமாத்தலாம்னு தான் கொண்டாந்தேன்னு ஒரே மூச்சுல கொட்டிட்டேன். டாக்டரு நிமுந்தாரு. கண்ணாடிய கயட்டி தொடச்சாரு. ஜனங்கள ஒரு தபா சுத்தி பாத்தாரு, அதுல முக்காவாசி அவரோட நோயாளிங்க. அப்புறம் என் தோள்ல கைய போட்டு, எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னாரு:

"நாப்பது நாள்ல மூணுல ஒண்ணு தான் செத்துதா? என் ஆஸ்பத்திரிய பத்தி இந்த பஜாரு பேசறதுக்கு நீ எவ்ளோ தேவல, தொட்டிய செய் பாய்."

மொத்தத்துல, கடல்ல யார் தயவும் இல்லாம பொழைக்கற மீன வூட்ல பொழைக்க வெக்க ஒரு டாக்டரு, ஒரு வலக்காரன், ஒரு பொண்டாட்டின்னு மூணு பேரு தேவப்பட்டாங்க, நான் பண்ணதெல்லாம் கண்ணாடிய ஒட்னதும் வாய தெறந்ததும் தான், அதுல கண்ணாடி ஒண்டி தான் ஒழுகல.