எங்கள் வீட்டில் உப்பு விஷமான கதை

பள்ளியில் நான் சொல்லும் வேதியியலை நம்பாத பிள்ளை கிடையாது. நம்பாவிட்டால் மதிப்பெண் போய்விடும். வீட்டில் மதிப்பெண் போடும் அதிகாரம் எனக்கு இல்லை. அதனால் என் வீட்டுக்காரர் கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன ஒரு சமன்பாட்டையும் நம்பியதில்லை. ஒரே ஒரு தடவையாவது இந்த மனிதர் என் பாடத்தை நம்பிவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அவர் நம்பியதெல்லாம் சென்னிமலைப் பக்கம் இருக்கும் தங்கள் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரைத்தான். ஞாயிறுதோறும் கேன் கேனாகக் காரில் ஏற்றிக் கோயம்புத்தூருக்குக் கொண்டுவருவார். அதைக் குடித்தால் நோயே அண்டாதாம். அதில் பருப்பு வேகாது என்பது அடுப்படியில் நிற்கிற எனக்குத்தான் தெரியும். கால்சியம் உப்பும் மக்னீசியம் உப்பும் அதிகம் என்று சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

போன வருடம், தண்ணீரைச் சுத்தம் செய்யும் மெஷின் விற்க டை கட்டிய ஒருவர் வந்தார். ஒரு டம்ளரில் எங்கள் கிணற்றுத் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த சுத்தத் தண்ணீர். கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு சாமானை இரண்டிலும் முக்கி மின்சாரம் பாய்ச்சினார். அவருடையது அப்படியே இருந்தது. எங்களுடையது சாக்கடை நிறத்துக்கு வந்தது.

"இத்தன நாளா இதுதானுங்க சார் உங்க உடம்புக்குள்ள போயிட்டிருந்துச்சு."

முப்பாட்டன் வெட்டிய கிணற்றை என் வீட்டுக்காரர் அந்த இடத்திலேயே கைகழுவிவிட்டார். மெஷினுக்குத் தலையாட்டப் போனவரை நான் தடுத்தேன்.

"ஏனுங்க, அது அழுக்கில்லீங்க. அந்தக் கம்பி இரும்பு. கரண்டு பாஞ்சா இரும்பு கரைஞ்சு துருவாகுது. உப்பு இருக்கற தண்ணியில கரண்டு நல்லாப் பாயும், அவர் தண்ணியில பாயாது. அவ்வளவுதானுங்க."

"உன்ற டீச்சர் வேலையப் பள்ளிக்கூடத்தோட வெச்சுக்க அம்மணி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுப்படிக்குப் போய் ஒரு சிட்டிகை உப்பை எடுத்து வந்து, சுத்தத் தண்ணீரில் போட்டுக் கலக்கி, "இப்ப வையுங்க பாக்கலாம்" என்றேன். வேறு வழியில்லாமல் வைத்தார். அதுவும் சாக்கடையானது. "இன்னொரு நாளைக்கு வாரேனுங்க மேடம்" என்று சாமான்களைச் சுருட்டிக்கொண்டு படியிறங்கினார்.

வீட்டுக்காரர் டம்ளரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவ்வளவு மரியாதையாக அவர் என்னைப் பார்த்ததே இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று பூரித்துப் போனேன்.

மறுநாள் அடுப்படியில் உப்பு ஜாடியைக் காணோம். அந்த இடத்தில் ரோஸ் நிறத்தில் இந்துப்பு உட்கார்ந்திருந்தது. "இதுல கெமிக்கலே இல்லையாமா" என்றார். அதுவும் சோடியம் குளோரைடுதான் என்றேன். காதிலேயே வாங்கவில்லை.

இப்போது வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பழையபடி கிணற்றுத் தண்ணீரை மொண்டு கொடுத்தபடியே சொல்கிறார்: "உப்புதானுங்க விசம். நான் சொல்லலீங்க. எங்கூட்டு அம்மணி கெமிஸ்ட்ரி டீச்சருங்க. அவளே என்ற கண்ணு முன்னால செஞ்சு காட்டிப்போட்டா."